டேமேஜ் சேலையில் ஒரு முழு செட்

சேலத்தில் இருப்பவர்களுக்கு நல்ல துணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். தறி ஓடும் ஊரில் பிழையோடு இறங்கும் துணியும் இருக்கும். ஓர் இழை அறுந்திருக்கும், ஓர் இடத்தில் எண்ணெய் பட்டிருக்கும், சாயம் ஒரு சாண் தூரம் வெளிறியிருக்கும். கடைக்காரர் அதை ‘டேமேஜ்’ என்றோ ‘செகண்ட்ஸ்’ என்றோ ஓரமாக அடுக்கி வைத்திருப்பார். சேலையாகக் கட்டினால் அந்தப் பிழை ஊருக்கே தெரியும். குர்தா, பேண்டு, துப்பட்டா என்று ஒரு முழு செட்டாக வெட்டித் தைத்தால் வெட்டோடு போய்விடும். குறைந்த காசில் நன்றாக உடுத்த நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அடுக்கைத்தான்.

ஆயிரம் ரூபாய்தான் கையில் என்றால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: துணிக்கு 500, தையல் கூலிக்கு 350, லைனிங், நூல், எலாஸ்டிக், பட்டனுக்கு 150. நீங்களே தைத்தால் அந்த 350 மிச்சம். அதை லைனிங்கில் போடுங்கள், பகட்டான லேஸில் போடாதீர்கள். லைனிங் நன்றாக இருந்தால் சாதாரணத் துணியும் உடம்பில் ஒழுங்காக விழும்.

எங்கே, எப்போது

இளம்பிள்ளையில் வரிசையாக மொத்தக் கடைகள். அங்கே சில்லறையாகவும் கொடுப்பார்கள், ஆனால் கேட்க வேண்டும். “டேமேஜ் பீஸ் இருக்குங்களாண்ணா?” என்று நேராகக் கேளுங்கள். நல்ல சேலையை எடுத்துப் போட்டுக் காட்டிய பிறகு கேட்டால் அவருக்குச் சலிப்பு வரும். சேலம் டவுனில் சின்னக் கடைவீதி, முதல் அக்ரஹாரம் பக்கம் கட் பீஸும் பிட் துணியும் கிடைக்கும். ஈரோடு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். அங்கே கனி மார்க்கெட் பகுதியின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து போனால்தான் அங்கே லாபம், ஏனென்றால் பலரும் கட்டாகத்தான் விற்பார்கள்.

டேமேஜ் சேலைக்கு அதே ரக நல்ல சேலையின் பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பிழை இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு கேட்கலாம்.

தையல்காரரிடம் கொடுப்பதாக இருந்தால் நாளைக் கவனியுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முந்தைய மூன்று வாரத்தில் எந்த டெய்லர் கையிலும் நேரம் இருக்காது. பழைய சேலையை வெட்டித் தைப்பது பொறுமை கேட்கும் வேலை, அவசரத்தில் கொடுத்தால் கரை கோணலாகத்தான் வரும். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பிழையைப் படிப்பது

கடையில் சேலையை முழுக்கப் பிரிக்கச் சொல்லுங்கள். டியூப் லைட் வெளிச்சம் போதாது, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, துணியை உங்களுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் பிடியுங்கள்.

சேலையின் நீளத்தில் ஓடுவது பாவு நூல், அகலத்தில் ஓடுவது ஊடை. ஊடையில் வந்த பிழை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரு பட்டையாக விழும். அது அந்த ஓர் இடத்தோடு முடிந்தது, அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்தால் வேலை தீர்ந்தது. பாவு அறுந்த கோடு அப்படி இல்லை. ஒரு முழம் ஓடலாம், சேலை முழுக்கவும் ஓடலாம். கரையைக் கீழே வைத்துக் குர்தா வெட்டும்போது இந்தக் கோடு உடம்புக்குக் குறுக்கே, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் வரும். கரையிலிருந்து கோடு எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த உயரம் உங்கள் உடம்பில் எங்கே விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். மேல் கரையை ஒட்டி இருந்தால் தோள் வெட்டில் போய்விடும். கீழ்க்கரையை ஒட்டி இருந்தால் வெட்டி எடுத்த மேல் கரையை அதன்மேல் வைத்துத் தைக்கலாம். மார்புக்கு நேரே வந்தால் அந்தக் கோட்டின்மேலேயே அரைக்கால் அங்குல டக், அதாவது சின்ன மடிப்புத் தையல், பிடித்து, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு டக் சேர்த்தால் அது வேலைப்பாடாகிவிடும். ஒரு டக்குக்குக் கால் அங்குலத் துணி போகும், உயரத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் டேப் இருக்கட்டும். உள்முனையிலிருந்து, அதாவது முந்திக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது அங்குலத்தில் இருக்கிறது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது நமக்கு வேண்டிய துண்டுகள் குர்தாவின் முன்பாகத்துக்கு 26, பின்பாகத்துக்கு 26, இரண்டு கைக்கும் சேர்த்து 16, பேண்டின் இரண்டு காலுக்கு 28, 28 அங்குலம். பிழைகள் துண்டுகளின் எல்லையில் விழுகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

எண்ணெய்க் கறை பாதி போகும், பாதி போகாது. புதிய கறையில் தண்ணீர் படும் முன்பே பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைத் தடவி 20 நிமிடம் ஊற விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பழுப்பேறிய பழைய கறையும் இரும்புத் துருவும் போகாது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். துணியின் நெசவே தளர்ந்து, இரண்டு கட்டை விரலால் இழுத்தால் இழை விலகும் சேலையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காட்டனா, பட்டா, பாலியெஸ்டரா

ஆர்ட் சில்க் என்ற பெயரில் விஸ்கோஸும் இருக்கும், பாலியெஸ்டரும் இருக்கும். தொட்டுப் பார்த்துச் சொல்வது பழகிய கைக்கே சில சமயம் தவறும். ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கேளுங்கள். வீட்டில், தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல், இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். காட்டனும் விஸ்கோஸும் காகிதம் எரியும் வாசனையோடு விரைவாக எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாசனை தரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், கருப்பு உருண்டை விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருளும், ஆறியதும் உருண்டை கல்லாக இருக்கும். சேலம் வெயிலுக்குப் பாலியெஸ்டர் குர்தா வேண்டாம். சித்திரை, வைகாசியில் அதைப் போட்டுக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்தால் முதுகு நனைந்துவிடும். வாங்கிவிட்டால் துப்பட்டாவுக்கோ லைனிங் கொடுத்த பாவாடைக்கோ வையுங்கள்.

வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டுச் சேலையை வெட்டும் முன் ஜரிகையைப் பாருங்கள். ஓர் ஜரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினால், அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூலும் அதன்மேல் வெள்ளியும் தெரியும். செம்பு நிறமோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் போலி. அசல் ஜரிகைச் சேலைக்கு எடைக்கு விலை உண்டு. அதைக் கத்திரிக்கு இரையாக்கும் முன் ஜரிகை வாங்கும் இரண்டு இடத்திலாவது விலை கேளுங்கள். கூடவே வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது யாருடைய கல்யாணச் சேலை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய பட்டு மடிப்பில்தான் முதலில் கீறும். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்த சேலையை வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்புக் கோட்டில் ஊசிமுனை போல ஒளி தெரியும். அந்தக் கோடுகளுக்கு இடையில் கிடைக்கும் துண்டுகளில் ரவிக்கையோ குழந்தைக்குப் பாவாடையோ தைக்கலாம், உடம்பைப் பிடிக்கும் குர்தா தைத்தால் உட்கார்ந்து எழும்போது கிழியும். பழைய காட்டன் சேலையில் பின் குத்திய தோள் இடத்தையும், தரையில் உரசிய ஓரத்தையும் கழித்துவிடுங்கள்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வரும் நாளுக்கு முன்பே பீரோவை ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். எட்டு முழ வேட்டி கிட்டத்தட்ட 3.6 மீட்டர் நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள வெள்ளைக் காட்டன். அதில் ஒரு முழுக்கைச் சட்டையும் ஒரு குர்தாவின் லைனிங்கும் வரும். சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த வேட்டி ஓரம் நைந்துபோனாலும் நடுப்பகுதி ஒரு நல்ல துப்பட்டாவாகும், அதை ஒரு டம்ளருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் தண்ணீர், பிறகு கத்திரி

காட்டன் சேலை முதல் நனைப்பில் நூற்றுக்கு 3 பங்கு, சில சமயம் 5 பங்கு சுருங்கும். 44 அங்குலக் குர்தாவில் 3 பங்கு என்பது ஒண்ணேகால் அங்குலத்துக்கும் மேல். தைத்த பிறகு அது சுருங்கினால் லைனிங் கீழே எட்டிப் பார்க்கும், தோள் பிடிக்கும். அதனால் துணியையும் லைனிங்கையும் தனித்தனியாக ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு அயர்ன் செய்யுங்கள்.

சாயம் போகிறதா என்று பார்க்க நனைந்த வெள்ளைத் துணியால் கரையை அழுத்தித் தேயுங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், துணியில் ஏறிவிட்ட சாயத்தை அது பிடித்து வைப்பதில்லை. ஒட்டாமல் நிற்கும் சாயம் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினால்தான் போகும். நான்காவது அலசலிலும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணிக்கு வெள்ளை லைனிங் கொடுக்காதீர்கள். போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, அழுக்கோடு சேர்ந்து துணியிலேயே படிந்து நிறத்தை மங்கலாக்கும். கடைசி அலசலாவது மேட்டூர் தண்ணீரில் இருக்கட்டும்.

வெட்டு

மார்பு 36, சீட் (உட்காரும் பகுதியின் சுற்றளவு) 40 அங்குலம் உள்ள ஒருவருக்குக் கணக்குச் சொல்கிறோம், உங்கள் அளவை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நனைத்த பிறகு சேலை சுமார் 209 அங்குல நீளம், 45 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

குர்தாவின் உயரம் சேலையின் அகலத்தில் வரவேண்டும். கீழ்க்கரைதான் குர்தாவின் அடி. நெய்த ஓரம் என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. மேல் கரை 2 அங்குலம் என்றால் அதை வெட்டித் தனியே வையுங்கள். மிச்சம் 43, தோள் தையலுக்கு அரை போக 42.5 அங்குலக் குர்தா கிடைக்கும். இன்னும் குட்டையாக வேண்டுமென்றால் மேலே தோள் பக்கம் கழிக்க வேண்டும், கரைப்பக்கம் கத்திரி போகவே கூடாது.

சீட் 40, லூஸ், அதாவது உடம்பு அளவுக்கு மேல் தளர்வாக விடுவது, 4, சேர்த்து 44, நான்கில் ஒரு பங்கு 11. தையலுக்கு 1 சேர்த்தால் 12. அடியில் 13. முன்பாகம் 26 அங்குலம், பின்பாகம் 26 அங்குலம். மார்புக்கு 36-உம் லூஸ் 4-உம் சேர்த்து நான்கில் ஒரு பங்கு 10, தையலோடு 11. ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) ஆழம் 8. கழுத்து அகலம் மொத்தம் 6, முன் இறக்கம் 6, பின் இறக்கம் 3. கழுத்தை முதலில் அரை அங்குலம் சிறிதாகவே வெட்டுங்கள். பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை, பெரிதாகிவிட்ட கழுத்துக்கு மருந்தில்லை.

அடியில் 13-க்கு மேல் விரிக்க ஆசைப்படாதீர்கள். விரிந்த குர்தாவுக்கு அடியை வளைத்து வெட்டினால்தான் நிலைமட்டமாக நிற்கும். நாம் கரையை வளைக்க முடியாது. நேரான கரையோடு பக்கத்தை விரித்தால் இரண்டு ஓரமும் கீழே இறங்கித் தொங்கும். கரை வைத்த குர்தாக்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அதேபோல அளவைத் தோளிலிருந்து கீழே எடுக்காமல் கரையிலிருந்து மேலே எடுங்கள். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் கரையோடு கரை பொருத்திக் குண்டூசி குத்திய பிறகே தோளை வரையுங்கள். இல்லாவிட்டால் ஸ்லிட் (குர்தாவின் பக்கத் திறப்பு) ஓரத்தில் முன்கரை ஒரு மட்டமும் பின்கரை ஒரு மட்டமுமாக நிற்கும்.

முக்கால் கைக்கு 17 அங்குல உயரம், 16 அங்குல அகலம். இரண்டு கரையும் ஒரே மாதிரி என்றால் மேல் கரையிலிருந்து ஒரு கையும் கீழ்க்கரையிலிருந்து ஒரு கையும் எதிரெதிரே வெட்டலாம், 16 அங்குலத்தில் இரண்டும் முடிந்துவிடும். கரை வேறுவேறு என்றால் 32 அங்குலம் போகும். பேண்டுக்கு ஒரு காலுக்கு 28 வீதம் 56, கரை கணுக்காலில் வரும்படி. இடுப்பில் எலாஸ்டிக்குக்கு 2 அங்குலம் மடியுங்கள்.

52, 16, 56 கூட்டினால் 124. மிச்சம் 85 அங்குலம் முந்தியோடு சேர்ந்து சுமார் 2.15 மீட்டர் துப்பட்டா. மூன்றையும் ஒன்றாக உடுத்தினால் ஒரே நிறமாக உருவம் தெரியாமல் போகும். குர்தாவை வெள்ளைப் பேண்டோடும், பேண்டை ஒரு நிற டாப்போடும், துப்பட்டாவை வேறொரு சுடிதாரோடும் மாற்றிப் போடுங்கள், ஒரு சேலை மூன்று உடுப்புக்கு உழைக்கும். ரவிக்கைத் துணி கழுத்துப் பட்டிக்கும் பாக்கெட்டுக்கும்.

தையல்

பட்டுக்கும் மெல்லிய காட்டனுக்கும் 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. புது உடுப்புக்குப் புது ஊசி. மழுங்கிய ஊசி ஜரிகையை இழுத்து, தையல் நெடுகச் சுருக்கம் விழவைக்கும். முதலில் பெரிய தையலாக ஓட்டி, போட்டுப் பார்த்து, கையை முன்னே நீட்டி, உட்கார்ந்து எழுந்த பிறகு 2.5 மில்லிமீட்டர் தையல் போடுங்கள்.

ஆர்ட் சில்க்கிலும் சாஃப்ட் சில்க்கிலும் ஒரு தொல்லை உண்டு. இழை வழுவழுப்பாக இருப்பதால் தையலை ஒட்டி நூல் நகர்ந்து, அக்குளிலும் சீட்டிலும் ஏணி போல இடைவெளி விழும். நூல் அறுந்திருக்காது, தையலும் பிரிந்திருக்காது. இறுக்கம்தான் காரணம். லூஸ் 4 என்பதை 5 ஆக்குங்கள், லைனிங்கைச் சேர்த்தே பிடியுங்கள், அரை அங்குலம் உள்ளே விட்டு இரட்டைத் தையல் போடுங்கள். ஸ்லிட் தொடங்கும் இடத்தில் உள்ளே ஓர் அங்குலத் துண்டுத் துணி வைத்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள், பஸ்ஸில் ஏறும்போது கிழிவது அங்கேதான்.

குவியலில் தேடும்போது

திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ-சர்ட்டும் சட்டையும் சாலையோரம் குவித்து விற்பார்கள். டீ-சர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பினால் துவைக்கத் துவைக்க இன்னும் திருகும், வேண்டாம். கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உள்ளங்கையை உள்ளே விட்டால் ரேகை தெரியும் அளவு மெலிசானது ஒரு மாதத்தில் உருக்குலையும்.

சட்டையில் தோள் சரியாக இருந்தால் மற்ற எல்லாம் சரிசெய்யலாம். பக்கம் பிடிப்பது, நீளம் குறைப்பது, கை வெட்டுவது எல்லாம் சின்ன வேலை. தோள் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் கையைப் பிரித்து ஆர்ம்ஹோலை மறுபடி வெட்ட வேண்டும், கூலி சட்டை விலையைத் தாண்டும். பேண்டில் பின் தையலின் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள், இடுப்பு அவ்வளவுதான் பெரிதாகும். பழைய ஜீன்ஸைத் தொடை உட்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இழை மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். யாரோ உடுத்திய காட்டன் துணி என்றால் சுடுதண்ணீரில் சோப்போடு அரை மணி ஊறவைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிக் காயப்போடுங்கள். வாங்கிய சட்டையின் பட்டனை மட்டும் மாற்றினாலே அதன் மதிப்பு ஒரு படி ஏறும்.

ஏற்காட்டுக் குளிருக்கு

மார்கழி, தையில் ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் அங்கேயே இருப்பவர்களுக்கும் கை இல்லாத ஒரு ஜாக்கெட் போதும். மேலே டேமேஜ் சேலைத் துண்டு, நடுவில் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பிளானல் போர்வை, உள்ளே பழைய காட்டன் சேலை. மூன்றையும் அடுக்கி, வெட்டும் முன்பே ஓர் அங்குல இடைவெளியில் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். வெட்டிய பிறகு போட்டால் மூன்றும் சேர்ந்து சுருங்கி அளவு அரை அங்குலமாவது குறையும். இந்த ஜாக்கெட்டுக்கு மார்பு லூஸ் 6 அங்குலம் வேண்டும், உள்ளே சட்டை இருக்கும் அல்லவா. ஓரங்களுக்குத் தனியே வைத்த மேல் கரையை ஒண்ணரை அங்குலப் பட்டையாக வெட்டி மடித்துக் கட்டுங்கள். ஆர்ம்ஹோலுக்கு மட்டும் கரை ஆகாது, அது வளையாமல் சுருக்கம் விழும். ரவிக்கைத் துணியிலிருந்து குறுக்காக வெட்டிய பட்டை அங்கே நன்றாகப் படியும்.

மலையில் மழைக்காலத்தில் இந்த ஜாக்கெட் காய மூன்று நாள்கூட ஆகும். அரைகுறை ஈரத்தோடு பீரோவில் வைத்தால் நடுப் போர்வையில் பூஞ்சை பிடித்து, மேல் துணியில் கரும்புள்ளியாக வெளியே வரும். வெயில் வரும் நாளாகப் பார்த்துத் துவையுங்கள்.